மலாக்காச் செட்டிகளின் வாழ்வும் வழக்கமும்



பொங்கலுக்கு இரண்டு நாள் முன்பு சிங்கப்பூரில் தேக்கா சந்தைப் பக்கம் போயிருக்கிறீர்களா? சிராங்கூன் ரோட்டிலும் கேம்பல் லேனிலும் கரும்புக் கட்டு, மஞ்சள் கொத்து, மண்பானை என்று வாசல் நிறைந்து கிடக்கும். அப்படி ஒரு நாள் வாழையிலை வாங்க நின்றபோது, எனக்கு முன்னால் ஓர் அம்மையார் நின்றார். அறுபது வயதுக்கு மேலிருக்கும். இடுப்பில் பூப்போட்ட சாரோங், மேலே கெபாயா, கொண்டையில் ஊசி. கடைக்காரரிடம் மலாயில் பேரம் பேசி இலைகளை ஒவ்வொன்றாகத் தூக்கி, கிழிசல் இல்லாதவற்றைப் பொறுக்கிக் கொண்டிருந்தார். எனக்குத் தெரிந்த அரைகுறை மலாயில், "மலாய்க்கார அம்மாவுக்கு இத்தனை இலை எதற்கு?" என்று கேட்டுவிட்டேன். அவர் திரும்பிப் பார்த்தார். "சாயா ஓராங் ஹிண்டு" என்றார். "நான் இந்து. நாளை போகி. வீட்டுப் பெரியவர்களுக்குப் படைக்க வேண்டும்" என்பதையும் மலாயிலேயே சொன்னார். நெற்றியில் திருநீற்றுக் கீற்று இருந்ததை அப்போதுதான் கவனித்தேன். உடுப்பைப் பார்த்த கண் நெற்றியைப் பார்க்கத் தவறிவிட்டது. வெட்கமாகப் போய்விட்டது.

அவர் மலாக்காச் செட்டி இனத்தைச் சேர்ந்தவர். மலாயில் 'செட்டி மெலாகா' என்றும், 'பெரனக்கான் இந்தியர்' என்றும் சொல்வார்கள். பெரனக்கான் என்றால் இம்மண்ணிலே பிறந்து வேரூன்றியவர் என்று கொள்ளலாம். சீன வழி வந்த பாபா, நோஞ்ஞாக்களைப் பற்றி உங்களில் பலர் கேள்விப்பட்டிருப்பீர்கள். தமிழ் வழி வந்த பெரனக்கான்களைப் பற்றித் தமிழர்களாகிய நமக்கே அதிகம் தெரியாது.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். செட்டி என்றதும் வட்டிக்கடையும் கிட்டங்கியும் நினைவுக்கு வரும். அவர்கள் செட்டிநாட்டிலிருந்து வந்த நகரத்தார். பத்தொன்பதாம் நூற்றாண்டில் வந்தவர்கள். சிங்கப்பூர் டேங்க் ரோட்டில் 1859இல் தண்டாயுதபாணிக்குக் கோயில் எழுப்பியவர்கள். மலாக்காச் செட்டிகள் வேறு. இவர்கள் முன்னோர் வந்து ஐந்நூறு ஆண்டுகளுக்கு மேலாகிறது. இவர்கள் பெயர்களைப் பார்த்தால் செட்டி மட்டுமல்ல, பிள்ளை, நாயக்கர், பத்தர், ராஜா என்றெல்லாம் இருக்கும். பல குடியினர் கலந்து வந்த வணிகர் கூட்டத்துக்கு ஊரார் வைத்த பொதுப்பெயர்தான் செட்டி.

பதினைந்தாம் நூற்றாண்டில் மலாக்கா ஒரு பெரிய துறைமுகம். சுல்தான்களின் ஆட்சி. சீனப் பட்டு ஒரு பக்கம், மலுக்குத் தீவுகளின் கிராம்பும் சாதிக்காயும் மறு பக்கம், சோழமண்டலக் கரையின் துணி இன்னொரு பக்கம். துணிக்கு அப்போது இருந்த மதிப்பைச் சொல்லி முடியாது; நம் கரையில் நெய்த துணியைக் கொடுத்தால்தான் தீவுகளில் வாசனைச் சரக்குக் கிடைக்கும். துறைமுகத்தைக் கவனிக்க நான்கு ஷாபந்தர்கள், அதாவது துறைமுகத் தலைவர்கள், இருந்தார்கள். எந்த நாட்டு வணிகர் எந்த ஷாபந்தரிடம் போக வேண்டும் என்று முறை வகுத்திருந்தார்கள். 1512இலிருந்து சில ஆண்டுகள் மலாக்காவில் இருந்த தோமே பீரஸ் என்ற போர்த்துகீசியர், அந்த ஊரில் எண்பத்து நான்கு மொழிகள் பேசப்பட்டதாக எழுதி வைத்திருக்கிறார்.

அந்த வணிகர்களில் ஒருவர் நைனா சத்து. 1511இல் போர்த்துகீசியர் மலாக்காவைப் பிடித்தபோது அவரைப் பெண்டஹாராவாக, அதாவது தங்கள் கீழ் மக்களை நடத்தும் தலைவராக, நியமித்தார்கள். மூன்று ஆண்டுகளில் அரசியல் மாறியது. அந்தப் பதவியை வேறொருவருக்குக் கொடுக்கப் போகிறோம் என்றார்கள். நைனா சத்து அவமானம் தாங்காமல் சிதை அடுக்கித் தீயில் இறங்கினார் என்று போர்த்துகீசியரே பதிந்திருக்கிறார்கள். வெள்ளைக்காரனை நம்பிய முதல் தமிழ்த் தலைவர்களுள் ஒருவருடைய கதை இப்படி முடிந்தது.

சரி, இந்த வணிகர்கள் தமிழை ஏன் விட்டார்கள்? பலர் எடுத்தவுடன் "தாய்மொழியை மறந்தவர்கள்" என்று தீர்ப்புச் சொல்லிவிடுகிறார்கள். கொஞ்சம் பொறுத்து யோசித்தால் காரணம் புரியும்.

அந்நாளில் கப்பல் காற்றை நம்பி ஓடியது. ஒரு பருவக் காற்றில் வந்தவர், மறு பருவக் காற்று வீசும்வரை மாதக் கணக்கில் துறைமுகத்திலேயே காத்திருக்க வேண்டும். வந்தவர்கள் ஆண்கள். பெண்கள் கடல் கடப்பது வழக்கமில்லை. காத்திருந்த இடத்தில் வியாபாரம் வளர்ந்தது, வீடும் வேண்டியிருந்தது. மலாய், ஜாவா, பாத்தாக், சீனப் பெண்களை மணந்தார்கள். பிள்ளை பிறந்தது. பிள்ளை யாரிடம் பேச்சுக் கற்கும்? தாயிடம். தாய் பேசியது மலாய். வாசலுக்கு வெளியே சந்தையிலும் மலாய். அப்பா மட்டும் தமிழ் பேசினார், அவரும் பாதி நாள் கடலில். மூன்று தலைமுறையில் வீட்டு மொழி மலாயாகிவிட்டது.

நம் தோட்டத்துக் கதையை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நம் பாட்டன்மார் ஆணும் பெண்ணுமாக, சில நேரம் ஊரோடு ஊராக, கங்காணி பின்னால் வந்தார்கள். லயத்தில் இந்தப் பக்கமும் தமிழ், அந்தப் பக்கமும் தமிழ். பிரட்டுக்களத்தில் பெயர் கூப்பிடுவதும் தமிழில். 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்ட நிர்வாகம் பள்ளிக்கூடம் வைக்க வேண்டும் என்றது. கொட்டகைதான், ஒரே வாத்தியார்தான். ஆனாலும் அது தமிழ்ப் பள்ளி. தோட்டத்தின் வேலி நம்மை அடைத்து வைத்தது; அதே வேலி நம் மொழியையும் காத்தது. இதில் நம் பெருமை பாதி, நிலைமையின் உதவி பாதி. மலாக்காச் செட்டிக்கு அந்த வேலியும் இல்லை, வாத்தியாரும் இல்லை.

போன தமிழிலும் சில சுவடுகள் ஊருக்கே பொதுவாகிவிட்டன. மலாய்க்காரர் கப்பலைக் 'காப்பால்' என்கிறார். கடையைக் 'கெடாய்', பெட்டியைப் 'பெத்தி', கட்டிலைக் 'காத்தில்', சுருட்டைச் 'செருத்து' என்கிறார். எல்லாம் வணிகன் கையில் இருக்கும் பொருள்கள் என்பதைக் கவனியுங்கள்.

மொழி போனது. என்ன மிஞ்சியது என்பதுதான் ஆச்சரியம்.

மலாக்காவில் 1641இல் டச்சுக்காரர் வந்தார்கள். அவர்கள் காலத்தில்தான் செட்டிகளின் தலைவர் தைவநாயகச் செட்டிக்கு நிலம் கொடுக்கப்பட்டு, 1781இல் பொய்யாத விநாயகர் கோயில் எழுந்தது. பொற்கொல்லர் தெருவில், மசூதிக்கும் சீனக் கோயிலுக்கும் அடுத்தடுத்து அது இன்றும் நிற்கிறது. கோயில் செட்டி மக்களுடையது. 1962 முதல் நிர்வாகத்தை நகரத்தார் கவனிக்கிறார்கள். மலாக்கா போனால் பார்த்துவிட்டு வாருங்கள். பெரிய கோபுரம் எல்லாம் எதிர்பார்க்காதீர்கள்.

வியாபாரம் கைநழுவிய பிறகு செட்டிகள் ஊருக்கு வெளியே காஜா பெராங் பகுதிக்குப் போய்ப் பயிர் வைத்தார்கள். அதுதான் கம்போங் செட்டி. அங்கே 1822இல் கட்டிய முத்துமாரியம்மன் கோயில் இருக்கிறது. அம்மனுக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் என்ன தெரியுமா? டத்தோ சாச்சார்! சாச்சார் என்றால் மலாயில் அம்மை நோய். டத்தோ என்பது மரியாதைச் சொல். பெரியவரையும் சொல்லும், ஊரைக் காக்கும் தெய்வத்தையும் சொல்லும். நம் ஊரில் அம்மை போட்டால் மாரியாத்தா வந்திருக்கிறாள் என்று வேப்பிலை கட்டினார்கள் அல்லவா? அந்த நம்பிக்கை அப்படியே கடல் தாண்டி வந்து மலாய்ச் சொல்லில் புகுந்துகொண்டது. பெரியம்மை உலகத்திலிருந்தே ஒழிந்துவிட்டதாக 1980இல் உலகச் சுகாதார நிறுவனம் அறிவித்தது. நோய் போய்விட்டது; அம்மன் போகவில்லை. ஆண்டுதோறும் மே மாதத்தை ஒட்டிப் பத்து நாள் திருவிழா நடக்கிறது. கொடி ஏறும், காவடி உண்டு, அலகு உண்டு, அம்மன் பொய்யாத விநாயகர் கோயில் வரை ஊர்வலமாகப் போய் வருவாள். சிங்கப்பூரிலிருந்து செட்டிக் குடும்பங்கள் அதற்குப் போவதுண்டு. தோட்டத்து மாரியம்மன் திருவிழாவுக்கு, வேலை தேடிப் பட்டணம் போன பிள்ளைகள் திரும்பி வருவதில்லையா, அது போல.

சிங்கப்பூருக்கு இவர்கள் வந்த வழி எளிது. 1824இல் மலாக்கா ஆங்கிலேயர் கைக்குப் போனது; 1826இல் பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் மூன்றும் ஒரே ஆட்சியின் கீழ் வந்தன. ஆங்கிலம் படித்த செட்டி இளைஞர்கள் அரசாங்க அலுவலகங்களிலும் கம்பெனிகளிலும் குமாஸ்தா வேலைக்கு இங்கே வந்தார்கள். பலர் சிராங்கூன் ரோட்டை ஒட்டிய பகுதிகளில் குடியிருந்தார்கள். தமிழரோடு கோயிலுக்குப் போகலாம், மலாய்க்காரரோடு சந்தையில் பேசலாம், சீன நோஞ்ஞாக்களோடு சமையல் பேசலாம். அவர்களுக்கு அந்த இடம் பொருந்தியது.

இனி அடுப்படிக்குப் போவோம். தாய்மார்கள் இதற்காகத்தான் காத்திருப்பீர்கள்.

செட்டி வீட்டில் சம்பல் பிளாச்சான் இல்லாமல் சோறு இறங்காது. 'பாராங்' என்னும் முள்வாளை மீனில் 'பிண்டாங்' குழம்பு வைப்பார்கள். அதுவே அவர்கள் வீட்டுச் சமையலின் அடையாளம். நாசி லெமாக்கும் உண்டு. மசாலைகளின் கூட்டில் நம் கையும் உண்டு. பெண்கள் உடுப்பு சாரோங்கும் கெபாயாவும். (கெபாயாவைச் சிங்கப்பூர், மலேசியா உள்ளிட்ட ஐந்து நாடுகள் சேர்ந்து கேட்டு, 2024 டிசம்பரில் யுனெஸ்கோவின் மரபுப் பட்டியலில் சேர்த்துவிட்டார்கள்.) ஆண்கள் விசேஷ நாளில் தலையில் கட்டுவதற்குப் பெயர் 'தலப்பா'. இதற்கு நான் விளக்கம் சொல்ல வேண்டுமா? கல்யாணத்தில் மலாய்க்காரரைப் போல வெற்றிலைத் தட்டு அனுப்புவார்கள், மருதாணி இடுவார்கள்; முடிவில் தாலி கட்டுவார்கள்.

எல்லாவற்றிலும் முக்கியமானது 'பார்ச்சு'. இறந்த பெரியவர்களுக்குப் படைப்பது. ஆண்டில் இரண்டு முறை நடக்கும். முதலாவது போகியன்று, பொங்கலுக்கு முதல் நாள். இரண்டாவது ஆண்டு நடுவில், பழங்கள் பழுக்கும் பருவத்தில். அப்போது டுரியான், மங்குஸ்தான், ரம்புத்தான் எல்லாம் படையலில் இடம் பெறும். நம் முன்னோர் டுரியானைக் கண்ணால் கண்டதில்லை. அவர் பேரன்மார் அதை அவருக்குப் படைக்கிறார்கள்.

தரையில் வாழையிலை விரிப்பார்கள். இறந்துபோன தாத்தாவுக்கு எது பிடிக்குமோ அது அவர் இலையில் விழும். பாட்டிக்குப் பிடித்த பலகாரம் பாட்டிக்கு. விளக்கேற்றி, 'கெமெஞான்' புகைப்பார்கள், நம் சாம்பிராணிதான். மலாயிலேயே பெரியவர்களை அழைப்பார்கள்: வாருங்கள், சாப்பிடுங்கள், பிள்ளைகளைப் பாருங்கள் என்று. பிறகு குடும்பத்தார் அனைவரும் உட்கார்ந்து உண்பார்கள். லயத்தில் நம் அம்மா, போன தாத்தாவுக்குக் கருவாட்டுக் குழம்பும் ஒரு சுருட்டும் வைத்துக் கும்பிட்டதை நினைத்துக்கொள்ளுங்கள். மொழியைத் தவிர இரண்டுக்கும் என்ன வேறுபாடு?

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். இந்தப் படையலைக் காப்பாற்றியவர் யார்? வணிகன் அல்ல, அவன் பாதி நாள் கப்பலில். காப்பாற்றியவள் அவன் மணந்த ஜாவாக்காரி, பாத்தாக்குக்காரி, சீனத்தி. பிறப்பால் தமிழச்சி இல்லாதவள், கணவன் வீட்டுத் தெய்வத்தையும் போகியையும் பொங்கலையும் தன் சட்டுவத்தாலும் அம்மியாலும் கற்று, தன் மொழியில் மகளுக்குச் சொல்லிக் கொடுத்தாள். மொழிக்குத் தெருவும் சந்தையும் வேண்டும். படையலுக்கு ஓர் அடுப்படியும் ஒரு தாயும் போதும். நான் இதை எண்ணிப் பார்க்கும்போதெல்லாம், "கலப்புத் திருமணத்தால் பண்பாடு போயிற்று" என்று மேடையில் முழங்குகிறவர்களைப் பார்த்துச் சிரிக்கத்தான் தோன்றுகிறது.

ஆனால் அந்த அடுப்படியும் ஆட்டம் காண்கிறது. 1960இல் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் தொடங்கியபின் சிங்கப்பூர் மக்கள் கம்பங்களையும் பழைய கடைவீடுகளையும் விட்டு அடுக்குமாடி வீடுகளுக்குப் போனார்கள். செட்டிகளும் போனார்கள். நல்ல தண்ணீர், மின்சாரம், கழிப்பறை. யார் வேண்டாம் என்பார்? ஆனால் கூப்பிடு தூரத்தில் இருந்த அத்தையும் சித்தியும் இப்போது அங் மோ கியோவில் ஒருத்தி, ஜூரோங்கில் ஒருத்தி. பார்ச்சுக்கு முன்பு பத்துக் கை வேலை செய்தது. இன்று ஒரு கை. அடையாள அட்டையில் இந்தியர் என்றிருக்கும். பள்ளிக்கூடத்தில் "இந்தியப் பிள்ளைக்கு ஏன் தமிழ் வராது?" என்று கேட்பார்கள். கோயிலில் "நீ என்ன மலாய்க்காரியா?" என்று கேட்பார்கள். நான் சந்தையில் கேட்ட அதே கேள்வி. இப்படிக் கேட்டுக் கேட்டுச் சலித்து, சாரோங்கைப் பெட்டிக்குள் வைத்தவர்கள் உண்டு. வேறு இனத்தாரை மணந்து, வேறு மதத்துக்குப் போய்க் கரைந்தவர்களும் உண்டு.

விழித்துக்கொண்டவர்களும் இருக்கிறார்கள். 2008இல் சிங்கப்பூர்ச் செட்டிகள் தங்களுக்கென ஒரு சங்கம் அமைத்தார்கள். 2015இல் கேம்பல் லேனில் இந்திய மரபுடைமை நிலையம் திறந்தார்கள் அல்லவா? அங்கே 2018 செப்டம்பரிலிருந்து 2019 மே வரை மலாக்காச் செட்டிகளைப் பற்றி ஒரு கண்காட்சி நடந்தது. நிலையத்தார் மட்டும் கூடி வைத்ததல்ல; செட்டிக் குடும்பத்தாரும் சேர்ந்து உருவாக்கியது. பெட்டிக்குள் இருந்த சாரோங் வெளியே வந்தது.

மலாக்காவில் கம்போங் செட்டியில் ஒரு சிறு அருங்காட்சியகம் இருக்கிறது. ஆனாலும் கண்ணாடிக்குள் வைத்த பாத்திரத்தில் யாரும் பிண்டாங் வைக்க முடியாது. செய்முறை கைக்குக் கைதான் போக வேண்டும்.

தோட்டத்து நேயர்களுக்கு இது வேறு யாருடைய கதையோ அல்ல. தோட்டங்கள் துண்டாடப்பட்டு, லயங்கள் இடிக்கப்பட்டு, பட்டணத்து அடுக்குமாடிக்கு வந்துவிட்ட குடும்பங்கள் எத்தனை! வேலி போய்விட்டது. பிள்ளை விளையாட்டுத் திடலில் ஆங்கிலமும் மலாயும் பேசுகிறான். வீட்டில் தமிழ் பேசினால் ஆங்கிலத்தில் பதில் சொல்கிறான். செட்டிகளுக்கு மலாக்காவில் மூன்று தலைமுறையில் நடந்தது, நமக்கு ஒரே தலைமுறையில் நடக்கலாம். அவர்களைப் பார்த்துத் "தமிழ் தெரியாத தமிழனா?" என்று சிரிக்கும் நம் வீட்டிலேயே, போகியன்று யாருக்கு எந்த இலை, எதை முதலில் படைப்பது என்று சொல்லத் தெரிந்தவர் எத்தனை பேர்?

அந்த அம்மையாரிடம் நான் மன்னிப்புக் கேட்டேன். அவர் பெரிதுபடுத்தவில்லை, பழகிப் போயிருக்கும். இலைக் கட்டை நான் தூக்கிக்கொண்டு பேருந்து நிறுத்தம் வரை நடந்தேன். போகும் வழியில் சொன்னார்: பேத்தி பள்ளியில் தமிழ் படிக்கிறாளாம். பார்ச்சு அன்று பெரியவர்களை மலாயில் அழைப்பதா, தமிழில் அழைப்பதா என்று அவளுக்குச் சந்தேகம் வந்துவிட்டதாம். "நீங்கள் என்ன சொன்னீர்கள்?" என்று கேட்டேன்.

"இரண்டிலும் கூப்பிடச் சொன்னேன். என் பாட்டிக்கு மலாய்தான் புரியும். அவருக்கும் முன்னால் கப்பலில் வந்தவருக்கு மலாய் தெரியாதே!" என்றார்.

பேருந்து வந்தது. இலைக் கட்டைக் கவனமாக வாங்கி மடியில் வைத்துக்கொண்டார்.